காப்பு கட்டிய கை

கம்ப்யூட்டர் ரிப்பேரில் போர்டைப் பத்திரமாகக் கையாளக் கற்றுக்கொண்டுவிடலாம், போர்டுக்குச் சொந்தக்காரர்களைக் கையாளத்தான் வழியில்லை என்பது இதே தொழிலில் அல்லாடும் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கோழிக் குழம்பு

விழுப்புரத்தில் ஒரு வீட்டுக்குப் புது மதர்போர்டு மாட்டப் போயிருந்தேன். நம் உடம்பில் தங்கியிருக்கும் மின்சாரம் துளி பாய்ந்தாலும் போர்டு காலி. அதனால் மணிக்கட்டில் பட்டை கட்டி, அதன் ஒயரைக் கேபினட் இரும்பில் மாட்டிக்கொண்டேன். சமையலறையில் கோழிக் குழம்பு கொதித்தது. சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று வீட்டம்மா முதலிலேயே சொல்லிவிட்டதால் கை சுறுசுறுப்பாக ஓடியது.

இலைக்கு வந்தது ரசமும் அப்பளமும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மணிக்கட்டுப் பட்டையைக் காட்டி அவரே சொன்னார்: "தீமிதிக்குக் காப்பு கட்டிக்கினு இருக்கீங்க, உங்களுக்குப் போயி கவுச்சி போட்டா எங்களுக்குத்தாங்க பாவம்."

உள்ளே வைத்த பொட்டு

திண்டிவனத்தில் செல்வி அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையில் ஒரே கம்ப்யூட்டர், வீட்டில் ஒரே சம்பாத்தியம். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை போன் செய்தார், கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று. தேர்வு விண்ணப்பம் போட அன்றைக்குத்தான் கடைசி. நான் பஸ் பிடித்துப் போவதற்குள், வாசலில் நின்ற மாணவர்களில் பாதிப் பேர் எதிர்க்கடைக்கு நகர்ந்திருந்தார்கள்.

திறந்தால் போர்டு முழுக்க ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஃபேன் நடுவில் பெரிய பொட்டு. அதோடு சுவிட்சும் போட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. இதை எதற்குத் திறந்தீர்கள் என்று கேட்டேன். "வெளிய இருக்கறது தகர டப்பாதானேங்க, உள்ள இருக்கறதுதானே வருசம் பூரா எங்களுக்கு ஒழைக்குது" என்றார்.

ஸ்கிரீன் வரும்வரை

அதற்குமேல் கோபப்பட முடியவில்லை, பாவமாகத்தான் இருந்தது. பட்டையைக் கட்டிக்கொண்டு, போர்டை ஓரமாகப் பிடித்துக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பிரஷால் ஒவ்வொரு பொட்டாகத் துடைத்துக் காயவைத்தேன். திரும்ப மாட்டி, கரண்ட் கொடுக்குமுன் வழக்கம்போல் பட்டையை அவிழ்க்கப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "ஸ்கிரீன் வர்ற வரைக்கும் காப்ப அவுக்காதீங்க, எம்பொழப்பே அதுலதான் கீது."

ஒயரை மட்டும் கழற்றிவிட்டுப் பட்டையோடு சுவிட்சைப் போட்டேன். ஸ்கிரீன் வந்தது. எதிர்க்கடையிலிருந்து மாணவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வூட்ல மீன் கொழம்பு வெச்சிக்கிறேன், ஆனா நீங்க காப்பு கட்டிக்கினு இருக்கீங்களே, ஓட்டல்ல தயிர் சாதம் வாங்கியாறேன்."

எத்தனையோ போர்டுகளைக் காப்பாற்றிய அந்தப் பட்டை, எனக்கு வரவேண்டிய ஒரு வேளைக் குழம்பைக்கூட இதுவரை காப்பாற்றிக் கொடுத்ததில்லை.