ராணியோடு அடையாறு வரை: ஒரு மாட்டின் வயிற்றில் நான் பார்த்த கவர்கள்

நோய்வாய்ப்பட்ட மாட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் போகும் நிலை உங்களுக்கு வராமல் இருக்கட்டும். வந்தால் உதவுமே என்றுதான் எழுதுகிறேன். நான் போனது 1997 ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை. மயிலாப்பூர் சித்திரகுளம் பக்கத்திலிருந்து அடையாறு வரை. தூரம் ஐந்து கிலோமீட்டருக்குள்தான். இதுவரை எந்தப் பயணத்திலும் நான் அவ்வளவு பயந்ததில்லை.

எங்கள் வீட்டுக்குப் பால் கொடுத்தவள் அஞ்சலை. தெருமுனையில் ஒரு கொட்டகையில் ராணி என்ற ஒரே பசுவை வைத்துப் பிழைத்து வந்தாள். அன்று காலை எட்டு மணிக்கு வெறும் கையோடு வந்து நின்றாள்.

"யக்கா, ராணி வயிறு கல்லாட்டம் கீது. நேத்துலேர்ந்து அசை போடல. மூச்சு வாங்குது."

போய்ப் பார்த்தேன். இடது பக்கம் முதுகெலும்புக்கு மேல் வரை உப்பியிருந்தது. தட்டினால் மத்தளம் போல ஒலித்தது. அடையாறில் ஒரு மாட்டு டாக்டரம்மா இருப்பது தெரியும். தெருக்கடைக்கு ஓடி அவருக்குப் போன் செய்தேன். வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கலாம், கருவிகள் இங்கேதான் இருக்கின்றன, உடனே கொண்டு வாருங்கள் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: "வழியில் படுக்க விடாதீங்க. படுத்தா மூச்சு முட்டிடும்."

காதர் பாய் மணல் ஏற்றும் டெம்போ வைத்திருந்தார். நூற்றைம்பது ரூபாய் பேசினோம். மாட்டைப் பார்த்ததும் தயங்கினார். "ஏம்மா, வண்டியிலயே வுழுந்து செத்துப்போச்சுன்னா நான் இன்னா பண்றது?" அஞ்சலை மாட்டை வண்டியின் பின்பக்கம் நடத்திக்கொண்டு வந்து நிறுத்தினாள். அவர் பலகையை இறக்கிப் போட்டார்.

ஒன்பதே காலுக்குக் கிளம்பினோம். அஞ்சலை தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் ராணியின் விலாவில் தோளைக் கொடுத்து நின்றேன். (சேலையில் போகாதீர்கள். நான் போனேன்.) மந்தைவெளி வரை எப்படியோ வந்துவிட்டோம். அங்கே ஒரு பஸ் எங்களை உரசுகிற மாதிரி போனதில் காதர் பாய் பிரேக் போட, ராணியின் முன்னங்கால்கள் மடங்கின.

"நில்லுடி கண்ணு, நில்லு! அம்மாவ வுட்டுட்டுப் பூடாத!" அஞ்சலை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள். நானும் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. மாடு ஒருவழியாக எழுந்தது. வாயிலிருந்து நுரை ஒழுகி என் கையில் பட்டது, சூடாக இருந்தது.

அடையாறு பாலத்தில் நெரிசல். பன்னிரண்டு நிமிடம் ஓர் அடி நகரவில்லை. ஆற்று நாற்றம், ஹாரன், வெயில். ராணியின் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. அடுத்த மூச்சு வருமா என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். அப்போது அஞ்சலை, "யக்கா, இது பூட்டா எனக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள். அழவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். முதலில் குழல் குத்திக் காற்றை வெளியேற்றினார். பிறகு விலாவில் மரத்துப்போக ஊசி போட்டு, மாடு நிற்கும்போதே கிழித்துத் திறந்தார். தோள் வரை கையை உள்ளே விட்டு இழுத்தார். வந்தது தீவனம் இல்லை. பிளாஸ்டிக் கவர். ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கவர்கள். மளிகைக்கடை வெள்ளைக் கவர், பழக்கடை நீலக் கவர், தி. நகர் ஜவுளிக்கடைகளில் கொடுக்கும் கெட்டிக் கவர். ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கெட் நிரம்பின.

இரண்டாவது பக்கெட்டில் ஒரு கவரின் வாய் பச்சை ரிப்பனால் கட்டியிருந்தது. என் மகளின் பள்ளி ரிப்பன். பழசானால் கிழித்து, மிச்சச் சோற்றையும் காய்த்தோலையும் கவரில் போட்டுக் கட்டி, தெருத்தொட்டியில் போடுவது என் வழக்கம். தெரு சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் அப்படிக் கட்டினேன். சோற்று வாசனைக்கு மாடு அதை முழுசாக விழுங்கியிருக்கிறது.

அஞ்சலை பார்த்துவிடுவாளோ என்று பக்கெட்டுக்கு முன்னால் நகர்ந்து நின்றேன். அப்படி நின்றதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

தையல் போட்ட டாக்டரம்மா, வீட்டுக்குக் கொண்டு போகலாம், ஆனால் மூன்று நாள் போகாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். அந்த மூன்று நாளும் வாசலில் காலடிச் சத்தம் கேட்டாலே அஞ்சலைதானோ என்று எட்டிப் பார்த்தேன். நான்காம் நாள் காலை நானே கொட்டகைக்குப் போனேன். ராணி ஒரு வாய் வைக்கோலை எடுத்து மெதுவாக மென்றுகொண்டிருந்தது. ரிப்பன் கட்டிய கவர் என்னுடையது என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

அஞ்சலை சாணியை அள்ளுவதை நிறுத்தினாள். "அந்தப் பச்ச ரிப்பன நானும் பாத்தேன்க்கா. உங்க வூட்டுதுன்னு தெரியும்." கையிலிருந்த சாணியைக் கூடையில் போட்டாள். பிறகு, "சொம்பு கொண்டாராதவங்களுக்கு நான்தான கவர்ல பால ஊத்தித் தந்துக்கினு இருந்தேன்? அதுவும் அந்தத் தொட்டிலதான் வுழுந்திருக்கும்" என்றாள். அன்றைக்கே கொட்டகை ஆணியில் கொத்தாகத் தொங்கிய கவர்களைக் கழற்றிவிட்டாள். பாத்திரம் இல்லாமல் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள், மறுநாள் சொம்போடு வந்தார்கள்.

இப்படிப் போக நேர்ந்தால்: வண்டித் தளத்தில் மணலோ சாக்கோ போடுங்கள், குளம்பு வழுக்காது. காலை எட்டரைக்கு முன் பாலத்தைத் தாண்டிவிடுங்கள். தலைக்கயிற்றை நீளமாக விடாதீர்கள். ஓட்டுநரிடம் நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி, போகாமல் இருக்க. கடைக்குத் துணிப்பை, எண்ணெய்க்குத் தூக்குவாளி, தயிருக்குக் கிண்ணம். முதல் மாதம் நான்கு முறையாவது பையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன், மளிகைக்கடைக்காரர் சிரித்தார். சமையலறை மிச்சத்தைக் கட்டாமல் வாளியில் சேர்த்து நேராக மாட்டுக்கே கொடுத்தோம். அப்படியும் எங்கள் வீட்டிலிருந்து கவர் அடியோடு ஒழியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கவரைத் தொட்டியில் போடக் கை நீளும்போதெல்லாம் எனக்குப் பயம் வருகிறது. வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் அது யார் வயிற்றுக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது. எனக்கு ஒரு தடவை தெரிந்தது.