“சரி” என்று மட்டும் சொன்னேன்

எனக்கு ஆட்டிசம் இருப்பது முப்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. மனதில் இருப்பது கோபமா, பயமா என்று எனக்கு உடனே பிடிபடாது. அது உயிருக்கே ஆபத்தாகும் என்று நான் நினைத்ததில்லை.

திண்டுக்கல்லில் ஒரு தோல் பை கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு மதியம், கன்னிவாடியில் எங்கள் அப்பாவோடு இருக்கும் தம்பி போன் செய்தான்.

“அக்கா, அத்தாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம்.”

“சரி, வாரேன்” என்றேன். சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். கூட வேலை செய்யும் செல்வி துணைக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் கை உதறியது, கண் மங்கியது. வெயில்தான் காரணம் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன். எதிரே வந்த லாரியை நான் கவனிக்கவே இல்லை. செல்வி போட்ட சத்தத்தில் வண்டியைச் சாலையோர மண்ணில் இறக்கினேன். லாரி உரசாமல் போனது.

“அத்தாவ நெனச்சுப் பயந்துபோயிருக்கீங்கக்கா” என்றாள் செல்வி.

“எனக்கு ஒண்ணும் தோணலையே.”

“பெறகு ஏன் இம்புட்டு நடுங்குது?”

இறங்கி வண்டியை அவளிடம் கொடுத்தேன். மீதி தூரம் அவள்தான் ஓட்டினாள்.

அத்தா பிழைத்துக்கொண்டார். நான் வெறும் “சரி” என்று சொன்னதில் தம்பிக்கு வருத்தம். நடந்ததை அவனிடம் சொன்னேன்.

இப்போது மோசமான செய்தி வந்தால் மனதுக்குள் தேடுவதில்லை. கையை நீட்டிப் பார்க்கிறேன். நடுங்கினால் வண்டிச் சாவியைத் தொடுவதில்லை.

“என்னன்னு தெரியல, கை நடுங்குது” என்று போனில் சொல்வேன்.

“அங்கேயே இரு, நான் வாரேன்” என்பான் தம்பி.

— ஒரு வாசகி, திண்டுக்கல்