உயிரோடிருப்பவருக்குச் சதுரம்

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். கடிதத்துக்கு மேல் எதுவும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிற நான், சாமி படங்களில் தலைக்குப் பின்னால் இருக்கும் ஒளிவட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். விஷயம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதில்லை இது. ஆறு வருஷம் அந்த வட்டங்களை என் கையால் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

எண்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். வீடு விழுப்புரத்தில். தினமும் காலைப் பாசஞ்சரில் போய்ச் சாயங்காலப் பாசஞ்சரில் திரும்புவேன். கருப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் கலர் கொடுப்பது என் வேலை. கடையின் பின்பக்கம் படங்களுக்குக் கண்ணாடி வைத்துச் சட்டம் போடுவார்கள். அங்கே கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்த பாய், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார்.

சட்டம் போட வருகிற சாமிகளெல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் பின்பக்கம் போவார்கள். முருகனுக்கு மஞ்சள் வட்டம், ஓரத்தில் கதிர்கள். மாதாவுக்கு வளையல் மாதிரி மெல்லிய கோடு. இயேசுவின் வட்டத்துக்குள் ஒரு சிலுவை. செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பங்கள் கொண்டுவரும் தீர்த்தங்கரருக்கு மூன்று குடைக்குக் கீழே தாம்பாளம் போல நிறைந்த வட்டம். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் துணியில் வரைந்த புத்தரைக் கொண்டுவந்தார். அதில் வட்டம் பச்சையாக இருந்தது. கோயில் நடராஜரைப் படம் பிடித்து வந்தால், வட்டம் உடம்பு முழுக்கச் சுற்றித் திருவாசியாகி ஓரமெல்லாம் நெருப்பு எரியும். எங்கெங்கோ இருந்தவர்கள் எப்படி எல்லோரும் இதையே போட்டார்கள் என்று நான் ஒருநாள் பாயிடம் கேட்டேன்.

"எங்க ஊட்ல படமும் கிடையாது, வட்டமும் கிடையாது. உங்களுக்குத்தான் எத்தினி பேஜாரு பாரு தங்கச்சி" என்று சிரித்தார்.

எங்கள் கடையில் இன்னொரு வழக்கம் இருந்தது. செத்துப்போனவர்களுக்கும் அந்த வட்டம் உண்டு. காரியத்துக்கு முன்னால் வீட்டு ஆட்கள் ஒரு சின்னப் படத்தோடு வருவார்கள். முதலாளி அதைப் பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலத்தில் பெரிதாக்கித் தருவார். நான் முகத்துக்கும் சட்டைக்கும் கலர் கொடுத்து, கடைசியில் பஞ்சில் மஞ்சளும் வெள்ளையும் தொட்டுத் தலைக்குப் பின்னால் ஒத்தி எடுப்பேன். உயிரோடு இருக்கிறவர்கள் அந்த அளவில் படம் போட்டு நான் பார்த்ததில்லை. அதனால் யாரும் எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அளவைப் பார்த்தால் போதும், போட்டுவிடுவேன்.

கான்வென்ட் படங்களைக் கொண்டுவந்த ஒரு சிஸ்டர் நான் வட்டம் போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரோமாபுரியில பழைய கோயில் சுவர்ல ஒரு படம் இருக்கும்மா. அதுல ஒருத்தருக்கு மட்டும் வட்டமில்ல, சதுரம். ஏன் தெரியுமா? அந்தப் படம் போட்டப்போ அவர் உயிரோட இருந்தார்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தலைக்குப் பின்னால் பலகையைக் கட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன்.

ஒரு புதன்கிழமை முதலாளி ஒரு பெரிய பிரின்டை என் மேஜையில் வைத்தார். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பையனின் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கியது. காது இரண்டும் தெரிய, சிரிக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். "வெள்ளிக்கிழமை வேணுமாம், ஜல்தியா முடி" என்று சொல்லிவிட்டு, டார்க் ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மெட்ராஸில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். திங்கட்கிழமைதான் வருவார்.

வியாழக்கிழமை ஒரு பெரியவர் கடை வாசலில் வந்து நின்றார். வானூர்ப் பக்கத்து ஊர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்க வந்தவர், அப்படியே பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்.

"நம்ம புள்ள படம் ஆச்சாம்மா?"

"நாளைக்கு."

அவர் கண் சிவந்திருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதே கேட்டிருக்கலாம். உங்கள் பிள்ளை உயிரோடு இருக்கிறாரா என்று எப்படிக் கேட்பது? நான் குனிந்து பிரஷ்ஷைக் கழுவினேன். எதிர்க் கடையில் அவர் டீ குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அன்று மத்தியானம் வட்டத்தைப் போட்டேன். நன்றாகவே வந்தது.

வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் அவர்கள் வந்தார்கள். பெரியவரோடு அவர் மருமகள், ஏழு மாதம் இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம், தலை நிறையப் பூ. அந்தக் குங்குமத்தைப் பார்த்ததும் எனக்கு என் தப்பு புரிந்தது. படத்தைத் திருப்பி வைப்பதற்குள் பெரியவர் பார்த்துவிட்டார்.

"ஏய், நம்ம புள்ளையப் பாரு! கேலண்டர்ல வர்ற சாமியாட்டம் இருக்கான் பாரு!"

அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். அந்தப் பெண் சிரிக்கவில்லை. படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்கப்பா செத்தப்போ அவரு படத்தையும் இந்தக் கடையிலதான் போட்டாங்க, மாமா" என்றாள். "இதேதான் போட்டாங்க."

பெரியவர் குனிந்து படத்தை மறுபடி பார்த்தார்.

நான் ஏதோ சொன்னேன். அளவு என்றேன், வழக்கம் என்றேன். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். திட்டாமல் ஸ்டூலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"கட்டட வேலைக்கு துபாய் போனாரு, அக்கா. நாலு மாசமா லெட்டர் இல்ல. போன வாரம் ஒரு ஆளு திரும்பி வந்தான், அங்க எங்கியோ சாரம் சரிஞ்சிடுச்சின்னு சொல்லிக்கினு திரியறான். யாரு என்னான்னு கேட்டா தெரியாதுங்கறான். ஊர்ல ஆளுக்கு ஒண்ணு பேசறாங்க. நாளைக்கு எனக்கு வளைகாப்பு. பக்கத்து நாற்காலில அவரு படம் இருந்தாத்தான் உக்காருவேன்னு நான்தான் புடிவாதம் புடிச்சேன். வர்றவங்க பாக்கணும், அவரு இருக்காருன்னு."

"அழிச்சிடும்மா" என்றார் பெரியவர். "தண்ணி போட்டுத் தொடச்சா போயிடாது?"

போகாது. கலர் காகிதத்துக்குள் இறங்கிவிட்டது. புதிதாகப் பிரின்ட் போட டார்க் ரூம் சாவி இல்லை. இதை நான் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, மருமகளைத்தான் பார்த்தார்.

அப்போதுதான் சிஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது. போஸ்டர் கலர் டப்பாவைத் திறந்தேன். வட்டத்தின் நாலு பக்கமும் மூலை இழுத்துச் சதுரமாக்கி, கெட்டியாக நீலம் பூசி, நடுவில் கம்பி வரைந்து ஒரு ஜன்னல் ஆக்கினேன். இரண்டு மணி நேரம் ஆனது. அவள் ஸ்டூலை விட்டு அசையவில்லை. என் பிரஷ் அவன் காதுக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் அவள் மூச்சை நிறுத்துவது எனக்குக் கேட்டது. நடுவில் பாய் வந்து பார்த்தார். அந்த அளவுக்குக் கண்ணாடி அறுக்கப் போனார்.

முடிந்ததும் பெரியவர், "வீட்டுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கான், போதும்" என்றார். அவள் படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். நேராகப் பார்த்தால் ஜன்னல். சாய்த்தால் நீலத்துக்கு அடியில் வட்டம் மங்கலாகத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது என்றால் அவளுக்கும் தெரிந்திருக்கும். முந்தானையால் மூடி மார்போடு வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

சாயங்காலப் பாசஞ்சரில் கூட்டம். மேற்குப் பக்கக் கதவில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் அது ஒவ்வொருவர் தலைக்குப் பின்னாலும் வந்து நின்று, அடுத்தவருக்கு நகர்ந்தது. ஒருவன் பீடியை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், முகம் கருப்பாக இருந்தது, சுற்றிலும் மஞ்சள். விழுப்புரம் வருகிறவரை நான் தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வழக்கம்போல ஒன்பதரைக்குக் கடை திறந்தோம். பதினோரு மணிக்குப் பெரியவர் தனியாக வந்தார். காலையில் தந்தி வந்ததாம். சாரம் சரிந்து ஒரு மாதம் ஆகிவிட்டதாம். வளைகாப்பு நடக்கவில்லை. படத்தை மேஜைமேல் வைத்து, பழையபடியே வட்டத்தைப் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.