சின்னம்மா குனியாத காலை

"கெய்ரே!" என்ற அந்தக் கூச்சல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. அது எழுந்ததும், லாபிஸ் ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தின் பெரட்டுக் களத்தில் அத்தனை முதுகுகளும் ஒன்றாக வளையும். பெரட்டு என்பது விடிவதற்குமுன் வேலையாட்களை வரிசையாக நிறுத்தி ஆள் எடுப்பது. வெள்ளைக்காரத் துரை இருந்தவரை பேர் கூப்பிட்டு வேலை பிரித்தால் முடிந்துவிடும். ஜப்பான்காரர்கள் வந்தபின், சூரியன் உதிக்கும் திசையில் எங்கேயோ இருக்கும் தங்கள் சக்கரவர்த்தியைத் தெய்வமென்று எண்ணி இடுப்புவரை குனியச் சொன்னார்கள். பிள்ளைகளையும் விடவில்லை. கடிகாரத்தையும் தங்கள் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டதால் அந்த வேளையில் சூரியனே எழுந்திருக்காது. அந்த அரையிருட்டில், குனிந்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தேன். வளைந்த முதுகுகளுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைச் சேலை நிமிர்ந்து நின்றது. அது என் சின்னம்மா.

அம்மாவின் தங்கை அவள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். தோட்டமே அவளை மிசி என்றுதான் கூப்பிடும். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காய்ச்சலில் போய்விட்டதால், அம்மாவும் நானும் அவள் வீட்டில்தான் இருந்தோம். சித்தப்பா மரம் கீறி ரப்பர் பால் எடுப்பவர், அதிகம் பேசமாட்டார். பெரும்பாலும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் வாழ்ந்த அந்தத் தோட்டத்தில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், என்று நாங்கள் இரண்டு மூன்று வீடுகள்தான். சின்னம்மா யாரிடமும் மதம் பேசி நான் கேட்டதில்லை. பிரசவம் பார்க்கப் போகும் வீட்டு வாசலில் கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்பாள், அவ்வளவுதான். அவள் மேல் எல்லோருக்கும் பிரியம். பிடிவாதக்காரி என்று அதற்குமுன் யாரும் அவளைச் சொன்னதில்லை.

முதல் இரண்டு நாள் இருட்டு அவளை மறைத்தது. மூன்றாம் நாள் பெரிய கிராணி பார்த்துவிட்டார். துரை காலத்தில் அலுவலகத்தில் கணக்கு எழுதியவர், இப்போது ஜப்பானிய அதிகாரிக்குக் கையும் வாயுமாக இருந்தார். அவளை வரிசையிலிருந்து இழுத்து அதிகாரி முன்னால் நிறுத்தினார்.

"ஏன் மிசி குனியல?"

"ஐயாவுக்கு வணக்கம் சொல்லச் சொன்னா சொல்றேன். மனுஷனுக்கு மரியாதை குடுக்க எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. ஆனா சாமின்னு கும்பிடுறது ஒருத்தரைத்தான். அதை மாத்த என்னால முடியாது."

கிராணி அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. அதிகாரியின் முகம் மாறியது. கிராணியே கையை ஓங்கி அவள் கன்னத்தில் அறைந்தார். பிறகு, தண்ணீர் நிரம்பிய வாளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வெயிலில் நிற்கச் சொன்னார்கள். உச்சிப்பொழுதில் அவள் விழுந்தாள். எழுப்பி மறுபடி நிற்கவைத்தார்கள். அன்றே ஆஸ்பத்திரி வேலை போயிற்று. மறுநாள் முதல் பெரட்டு முடிந்ததும் மரவள்ளிக்கிழங்குக் காட்டில் மண் கொத்தப் போனாள்.

அன்று அவள் தோளுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டே அம்மா அழுதாள். "நானும் வேதக்காரிதான்டி. நான் குனிஞ்சேன். உடம்புதானே குனிஞ்சது? நீயும் குனிஞ்சிட்டு வாயேன். ஆண்டவர் கோவிச்சுக்குவாரா?"

"கோவிச்சுக்க மாட்டார்க்கா," என்றாள் சின்னம்மா. "எனக்குத்தான் அப்புறம் ஜெபம் பண்ண வராது."

நாங்கள் குனிந்ததைப் பற்றி அவள் அன்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதன்பிறகும் சொல்லவில்லை. வயது ஏற ஏற, வெயிலில் நின்றதைவிட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அதிகாரி பல தோட்டங்களைச் சுற்றிவருபவர். அவர் இல்லாத நாட்களில் கிராணி அவள் பக்கமே திரும்பமாட்டார். இப்படிச் சில மாதங்கள் ஓடின. பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். போனவர்களைப் பற்றி ஒரு செய்தியும் திரும்பி வராது என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருநாள் மாலை கிராணி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. நாளைக்கு லாரி வருகிறது, அதில் சித்தப்பா பேரும் இருக்கிறது என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில பெரட்டுல நீங்க குனிஞ்சா அவரை இறக்கிவிட்டுடலாம்னு ஐயா சொல்றாரு. ஒரே ஒரு தடவை மிசி. யோசிச்சுப் பாருங்க."

அவர் போனபின் யாரும் சாப்பிடவில்லை. அம்மாதான் பேசினாள், பேசினாள் என்பதைவிடக் கத்தினாள் என்று சொல்லவேண்டும். "உன் பக்திக்கு உன் புருஷன் சாகணுமா? இதையா உன் ஆண்டவர் கேக்குறார்?" சின்னம்மா சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் தன் பழைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "தூங்குங்க, காலையில பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

காலையில் நான் கண் விழித்தபோது சித்தப்பா வீட்டில் இல்லை. மூவரும் களத்துக்கு ஓடினோம். லாரி நின்றது. பிடிக்கப்பட்ட ஆட்கள் இன்னும் கீழே குந்தியிருந்தார்கள். லாரியின் மேல், யாரும் ஏறச் சொல்லாமலேயே, பொத்தான் தைத்த சட்டையோடு சித்தப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். கிராணி கீழே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். "இறங்குப்பா, பெரட்டு முடியட்டும்." சித்தப்பா எல்லோருக்கும் கேட்கும்படி, நான் கேட்ட ஒரே உரத்த குரலில் சொன்னார்: "அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. நான் போறேன்னு ஏறிட்டேன்."

"கெய்ரே!" என்று கத்தினார்கள். முதுகுகள் வளைந்தன. சின்னம்மா லாரியைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்றாள். அதிகாரி நடந்து வந்து அவள் முன்னால் நின்றார். கை ஓங்கப் போகிறார் என்று நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அறைச் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் லாரியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார், பிறகு திரும்பி நடந்தார். லாரி புறப்பட்டுப் போயிற்று. சித்தப்பா திரும்பி வரவேயில்லை. மறுநாளிலிருந்து அவள் பெரட்டுக்கு வரவேண்டாம், நேராக மரவள்ளிக் காட்டுக்குப் போகலாம் என்று கிராணி ஆள் விட்டுச் சொன்னார்.

ஜப்பான்காரர்கள் தோற்றுப் போனார்கள் என்ற செய்தி வந்தபின் சில வாரங்கள் யார் ஆட்சி என்றே தெரியாமல் கிடந்தது. காட்டில் ஒளிந்து ஜப்பான்காரர்களை எதிர்த்தவர்கள் ஆயுதத்தோடு வெளியே வந்தார்கள். ஜப்பான்காரனோடு இருந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். சின்னம்மா யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரியைத் திறந்து மருந்துப் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பின்பக்கமாகக் கிராணி வந்து விழுந்தார். தொடையில் ஆழமான வெட்டு. சுடுதண்ணீர் எடுத்து வந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்ததும் சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "இவனுக்கா?"

"தண்ணி ஆறிடும்க்கா. குடு," என்றாள் சின்னம்மா.

பாதித் தையலில் வாசலில் சத்தம் கேட்டது. நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். முன்னால் நின்றவன் எங்கள் தோட்டத்துப் பையன்தான், அவன் தங்கை பிறந்தபோது வெளியே எடுத்தது சின்னம்மாவின் கைகள். அவள் ரத்தக் கையோடு வாசலுக்குப் போய் நிலைப்படியில் நின்றாள்.

"கிராணி உள்ள இருக்கானா மிசி?"

இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அந்த ஒரு பொய் எல்லோருக்கும் எளிதாக இருந்திருக்கும்.

"இருக்கார். தையல் போட்டுக்கிட்டிருக்கேன். இன்னும் முடியல."

"நகருங்க மிசி. உங்க வீட்டுக்காரரை லாரியில ஏத்தினவன் அவன்."

"ஏத்தினவர்கிட்ட கேக்கணும்னா முதல்ல நான்தானே தம்பி கேக்கணும்? நானே கேக்கல. நீ யாருக்காகக் கேக்கப் போற?"

அவன் துப்பாக்கியை மாற்றிப் பிடித்தான். அப்போது அம்மா என்னைத் தள்ளிவிட்டுப் போய்த் தங்கையின் பக்கத்தில் நின்றாள். நிலைப்படியில் இருவருக்கும் இடம் சரியாக இருந்தது. அவர்களைத் தள்ளாமல் உள்ளே போக வழியில்லை. அந்தப் பையன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். "போலாம் வாங்க" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினான். சின்னம்மா கையைக் கழுவிவிட்டு மிச்சத் தையலைப் போட்டாள். கிராணி பிழைத்துக் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார்.

கடைசிக் காலத்தில் சின்னம்மா, சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பெர்மாஸ் ஜெயாவில் எங்களோடு இருந்தாள். என் பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டுக்கு, மேலாளர் சொல்லும் சின்னப் பொய்க்கு, நண்பர்கள் முன்னால் ஜெபம் பண்ணக் கூசும் கூச்சத்துக்கு, யாரும் அறையாமலே நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொண்டிருந்தோம். சபையில் எழுந்து அந்த நாட்களைப் பற்றிச் சாட்சி சொல்ல அவளை அழைத்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உறுதி வரும் என்று போதகர் இரண்டு முறை வீட்டுக்கே வந்து கேட்டார். மறுத்துவிட்டாள். அவர் போனபின் ஏன் என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னாள். "லாரி வந்த அன்னிக்கு நான் குனியத்தான்டி வந்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"முந்தின ராத்திரி முழிச்சுக்கிட்டே படுத்திருந்தேன். அவர் இல்லாம என்னால முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு. காலையில குனிஞ்சிடுறேன், என்னை மன்னிச்சிடும்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன். அது உன் சித்தப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சதோ. நான் கண் அசந்த நேரத்துல எழுந்து போயிட்டார்." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "குனியறதுக்குத் துணிஞ்சவ நான். கிராணியை எப்படிடி குத்தம் சொல்லுவேன்? அவருக்காக லாரியில ஏற ஓர் ஆள் இல்ல. எனக்கு இருந்தார்."