மார்கழியில் இடிக்காத சுவர்

எங்கள் தெருவில் என் வாய்க்கு ஒரு மரியாதை உண்டு. யார் வீட்டில் பந்தக்கால் நட்டாலும், யார் பிள்ளைக்குக் காது குத்தினாலும் "அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்பார்கள். கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுகிற ஆள்தான். நாள், நட்சத்திரம், கிழமை, சூலம் எல்லாம் எனக்கு விரல்நுனியில். போதாததற்கு, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருபது வருஷம் பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல். அந்த வாயால்தான் என் தம்பி மனைவியைக் கொன்றேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தம்பி வீடு தென்காசியில் சிற்றாற்றுக் கரையை ஒட்டி இருக்கிறது. எங்கள் அப்பா கட்டிய வீடு. மண்சாந்தில் செங்கல் வைத்து, மேலே சுண்ணாம்பு பூசி, ஓடு போட்டது. நான் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி மேட்டுக்குப் போய்விட்டேன். தம்பிக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை. அவனுக்கு ஒரே மகள். ஆலங்குளத்தில் மாப்பிள்ளை பார்த்து, தை மாதம் முகூர்த்தம் குறித்திருந்தோம். குறித்தது யார்? நான்தான்.

கல்யாணம் மண்டபத்தில் என்றாலும் தம்பி மனைவிக்கு ஒரே ஆசை. "மண்டபத்துல என்ன வேணும்னாலும் பண்ணிக்கிடுங்க மதினி. என் பிள்ளை இந்த வீட்டு வாசல்ல இருந்துதான் பொண்ணாக் கிளம்பணும். வாசல்ல வாழை கட்டி, பந்தல் போட்டு, நாலு பேரு பாக்க அனுப்பணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அதற்காகப் புரட்டாசிக்கு முன்பே வெள்ளையடித்து வைத்திருந்தாள்.

மார்கழி பிறந்ததும் மழை பிடித்தது. கடலில் காற்று சுழலுகிறது என்று டிவியில் அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். எங்களுக்குக் காற்று வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. குற்றாலத்தில் அருவி எது, பாறை எது என்று தெரியவில்லை என்று தம்பி போனில் சொன்னான். மாலை போட்ட சாமிமார்கள் லாட்ஜை விட்டு இறங்க முடியாமல் மாடியில் நின்று சரணம் விளித்தார்களாம். அடுத்த நாள் காலை, காபி போடுகிற நேரத்துக்கு, சவத்து மழை ஆற்றைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டது. தம்பி மனைவியும் மகளும் இடுப்பளவு தண்ணீரில் நடந்து என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். ரேஷன் கார்டு, மகளின் சர்டிபிகேட், முகூர்த்தப் பட்டு, மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தலையில் வைத்திருந்தாள். மற்றதெல்லாம் போயிற்று. வீட்டின் பின்சுவர் அன்று மத்தியானமே ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. முன்சுவர் மட்டும் வெள்ளையடித்த மேனிக்கு, நெஞ்சளவு சேற்றுக் கறையோடு நின்றது.

பிறகு என்ன, தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. முகாமாகிப்போன பள்ளிக்கூடத்து அடுப்பில் உலை வைத்தேன். முதல் இரண்டு நாள் எங்களிடம் இருந்த அரிசிதான். மூன்றாம் நாளிலிருந்து வேன் வேனாக வந்தார்கள். எல்லாரும் பன் கொண்டுவந்தார்கள். அம்மாடி, அந்த பன்னை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஒரு கூட்டம் மெயின் ரோட்டிலேயே நின்று பாக்கெட்டைக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு போயிற்று. "ஆத்தங்கரையில ஆளு இருக்கு, உள்ள வாங்க" என்றால் "வண்டி சேத்துல மாட்டிக்கிடும்" என்றார்கள். நல்ல மனிதர்களும் வந்தார்கள், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து நாலு பெண்கள் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து ஒரு மூட்டை வெங்காயம் உரித்துவிட்டுப் போனார்கள். தெருவே கூடி மண்வெட்டியும் தகரமுமாக வீடு வீடாகச் சேறு அள்ளியது.

அப்படி வந்தவர்கள்தான் வாசுதேவநல்லூர்க் கொத்தனார்கள், எட்டுப் பேர். அவர்கள் கோயிலில் கிறிஸ்துமஸுக்கு ஜோடிப்பு வேண்டாம் என்று முடிவுபண்ணி, அதற்கு வைத்திருந்ததில் சிமெண்டும் கல்லும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். கரணையும் மட்டப்பலகையும் அவர்களுடையது, கூலி கிடையாது. கிறிஸ்துமஸ் வரைக்கும் வேலை செய்வது, பிறகு பண்டிகைக்கு ஊருக்குப் போய்ப் புதுவருஷம் கழித்து வருவது என்று கணக்கு. ஆற்றை ஒட்டிய வீடுகளில் எது மோசமோ அது முதலில். தம்பி வீடுதான் முதலாவது.

அவர்களில் மூத்தவர், அறுபது வயதிருக்கும், முன்சுவரைக் கரணைக் காம்பால் மேலும் கீழும் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

"பொத்துப் பொத்துன்னு கேக்கும்மா. உள்ள சாந்து கரைஞ்சுட்டு. ஈரம் இருக்க மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கும். நாலு நாளு வெயில் அடிச்சா விட்டுரும். இன்னைக்கே இறக்கிட்டுப் புதுசா ஏத்திருவோம். அஞ்சாறு நாளு வேலை."

தண்ணீர் வடிந்ததும் குற்றாலத்திலிருந்து வந்திருந்த தம்பி என்னைப் பார்த்தான். தம்பி மனைவியும் என்னைப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய?" என்றேன். "இது மார்கழில்லா? மார்கழியில வீட்டுல கடப்பாரை போடுவாங்களா? அதுவும் தையில கல்யாணத்தை வச்சுக்கிட்டு?"

"செவருக்கு மார்கழி தெரியாதும்மா" என்றார் அவர். குரலில் கேலி இல்லை. உள்ளதைச் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

"உங்களுக்கு எல்லா மாசமும் ஒண்ணு. எங்களுக்கு அப்படி இல்லை. தை பிறக்கட்டும். ஒண்ணாந்தேதியே நாளு நல்லாத்தான் இருக்கு."

"சரி, இடிக்கண்டாம். முட்டாவது கொடுத்துட்டுப் போறோம். நாலு சவுக்குக் கம்பை ஊனினா வெளிய சாயாது."

"கல்யாண வீட்டு வாசல்ல முட்டுக் கொடுத்து நிறுத்துவியளோ? ஆலங்குளத்துக்காரங்க வந்து பாத்தா என்ன நினைப்பாங்க? பாக்கவே விளங்காது."

அப்போது தம்பி மனைவி வாயைத் திறந்தாள். என் முன்னால் அவள் எதிர்த்துப் பேசியதே இல்லை. "மதினி, ஆளுக இருக்கையிலே முடிச்சுட்டா நல்லதுன்னு தோணுது. பொறவு தையில பந்தல் வேலையும் இதுவும் சேந்து..."

"நீ சும்மா இரிட்டி" என்றேன். "பிள்ளையக் கட்டிக்கொடுக்கப் போறவ பேசுத பேச்சா இது?"

அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். தம்பி "அக்கா சொன்னாச் சரிதான்" என்றான். கொத்தனார் சட்டிகளை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஆட்களை நடத்திப் போனார். அந்த வீட்டுக்காரிக்கு மார்கழி, ஆடி என்ற கவலையெல்லாம் கிடையாது. அவள் வீட்டுச் சுவர் அன்றே இறங்கிற்று. நான் அதைப் பார்த்து உதட்டைச் சுழித்தேன்.

இத்தோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. ஆனால் சனி நாக்கில் உட்கார்ந்தால் லேசில் எழுந்து போகுமா? அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, "வீட்டுல கைதான் வைக்கக் கூடாது. வாசலை வெறுமனே போட்டுறாத. மார்கழி கோலம் ஒரு நாள்கூட விடுபடப்பிடாது. கல்யாணப் பொண்ணு இருக்க வீடு" என்று சொன்னேன். அவள் கோலப்பொடி வெள்ளத்தோடு போய்விட்டது. என் வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறைய நானே கொண்டுவந்து கொடுத்தேன்.

அடுப்பு வேலைக்கு ஒத்தாசையாக என்னோடு பள்ளிக்கூடத்திலேயே படுத்தவள், தினமும் விடிகாலையில் எழுந்து, ஒரு வாளித் தண்ணீரோடு தன் வீட்டு வாசலுக்குப் போவாள். சேறு காய்ந்த மண்ணில் சாணி தெளித்து, அந்தச் சுவருக்கு அடியில் குனிந்து கோலம் போடுவாள். வந்து என் பக்கத்தில் நின்று காய் நறுக்குவாள். "இன்னைக்குப் பதினஞ்சு புள்ளி மதினி" என்பாள். வீடு போன கவலையெல்லாம் அந்த ஒரு நேரம் அவள் முகத்தில் இருக்காது. நான் எவ்வளவு பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்!

கொத்தனார்கள் பண்டிகைக்குப் போனார்கள். மழை முழுசாக விட்டது. நல்ல வெயில் அடித்தது. முகாமில் எல்லாரும் வெயிலைக் கும்பிட்டார்கள், பாயும் துணியும் காயுமே என்று. நானும் கும்பிட்டேன். கொத்தனார் சொன்ன வெயில் இதுதான் என்று என் மரமண்டைக்கு ஏறவில்லை.

ஒரு நாள் காலை அண்டாவில் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தேன். தெருப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். "யக்கா, உங்க தம்பி வீட்டுச் செவரு விழுந்துட்டு!" என்றாள். நான் முதலில் "விழட்டும், சவம்" என்றேன். அய்யோ, அப்படித்தான் சொன்னேன். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அகப்பையோடு ஓடினேன்.

சுவர் வெளிப்பக்கமாக, வாசல் மேல் முழுசாக விழுந்திருந்தது. கோலத்தின் ஓரம் ஒரு முழம் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் வாளி. செங்கலைக் கையால் அள்ளி எறிந்தோம். ஆனால் மூலையில் மிச்சமிருந்த சுவர் தலைக்கு மேல் ஆடியது. "அதை அந்தப் பக்கம் தள்ளாம உள்ள குனிய முடியாது, எல்லாரும் சாவோம்" என்று ஒருவர் கத்தினார். அடுத்த வீட்டு வாசலில் கடப்பாரை கிடந்தது. நான்தான் எடுத்தேன். நான்தான் முதல் குத்துக் குத்தினேன். மார்கழி முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. தெருவே பார்த்துக்கொண்டு நின்றது.

அவளை எடுத்தபோது மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இல்லை. தம்பி குற்றாலத்திலிருந்து லாட்ஜ் சட்டையோடு வந்து இறங்கினான்.

கொத்தனார்கள் சொன்னபடி புதுவருஷம் கழித்து வந்தார்கள். மூத்தவர் இடிந்த வாசலில் நின்று தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் சொல்லவில்லை. "கல்லு எங்கன இறக்க?" என்று மட்டும் கேட்டார். அன்றே வேலை ஆரம்பித்தார்கள். தை வரைக்கும் யாரும் காத்திருக்கவில்லை, என்னிடம் கேட்கவும் இல்லை. தெருவில் ஆண் பெண் அத்தனை பேரும் கல் சுமந்தார்கள். என் தம்பியும் சுமந்தான். எனக்கு எதிரே வந்தால், "உன்னால இல்லக்கா, அவ விதி" என்பான். அவன் அப்படிச் சொல்லச் சொல்ல, திட்டித் தொலையேன்டா என்று கேட்கத் தோன்றும்.

ஆலங்குளத்துக்காரர்கள் நல்லவர்கள். துஷ்டி கேட்க வந்துவிட்டு, ஒரு வருஷம் பொறுத்து நடத்துவோம் என்று சொல்லிப் போனார்கள். தம்பியும் மகளும் வீட்டு வேலை முடிகிற வரைக்கும் என் வீட்டில் இருந்தார்கள். அந்தப் பிள்ளை நான் போட்டதைச் சாப்பிட்டாள். சொன்ன வேலையைச் செய்தாள். என் முன்னால் ஒரு நாளும் அழவில்லை. அத்தை என்று கூப்பிடுவதில்கூடக் குறை வைக்கவில்லை. அவள் மனசில் ஒன்றுமில்லை என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

மாசியில் ஒரு நாள் மத்தியானம் கொத்தனார் வந்து, "தரை காஞ்சுட்டு, குடி போகலாம்" என்றார். சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள். அத்தனை நடந்த பிறகும் என் கை தானாகச் சுவரில் தொங்கிய காலண்டருக்குப் போயிற்று. "வார வெள்ளி நல்லாருக்கு. காலையில ஆறு மணிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

பிள்ளை பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "இப்பவே போறோம் அத்தை" என்றாள்.

"ஏட்டி, இன்னைக்குச் செவ்வாக்கிழமை. மணி மூணரை. ராகுகாலம்லா?"

அவள் பாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி முடித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமே இல்லாமல் சொன்னாள்:

"எங்கம்மைக்கு நீங்க நல்ல நாளு பாத்தது போதும் அத்தை."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு டிரங்குப் பெட்டியைத் தூக்கினான். அவள் அடுப்பையும் பாயையும் எடுத்துக்கொண்டாள். நான் அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். தெருவில் எதிரே வந்த யாரும் என்ன நேரத்தில் கிளம்பியிருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. புது வாசலில் போய் நின்றோம். தம்பி கதவைத் திறந்தான். இருவரும் உள்ளே போனார்கள். நான் வெளியே நின்றேன்.

பானையை வாங்கிக்கொள்ள மட்டும் அவள் திரும்பி வந்தாள்.