வெடிக் கிட்டங்கி வாசலில் நின்ற டீசல் வண்டி

சிவகாசியில் எங்கள் லாரி ஆபீசுக்குப் பின்னால் இரண்டு கிட்டங்கிகள் இருந்தன. ஒன்றில் அச்சகங்களுக்கு வரும் பேப்பர் ரீல்கள். முற்றத்தைத் தாண்டித் தள்ளியிருந்த மற்றதில் தீபாவளிக்கு வடக்கே போகும் வெடிப் பெட்டிகள். அத்தா மௌத்தான பிறகு தொழிலை அண்ணன் நடத்தினார். நான் ஆபீசில் உட்கார்ந்து புக்கிங்கும் போனும் கவனித்தேன்.

அந்த வருடம் சீசன் சூடு பிடிக்கும் முன்பே ஒரு ரீல் உருண்டு எங்கள் லோடுமேன் ஒருவரின் பாதத்தை நசுக்கிவிட்டது. விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அண்ணன் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"இனிமே மனுசன் கையால ரீலத் தள்ளக் கூடாது. ஃபோர்க்லிஃப்ட் வாங்கிருவோம்" என்றார்.

மதுரையிலிருந்து ஒரு வியாபாரி வந்து பேப்பர் கிட்டங்கியைச் சுற்றிப் பார்த்தார். "டீசல் வண்டி மேடு பள்ளம் பாக்காது, மழை வெயில் தாங்கும், ஆனா புகை விடும். கேஸ் வண்டிக்குப் புகை கம்மி, சிலிண்டருக்கு அலையணும். பேட்டரி வண்டி சத்தமே போடாது. ஆனா தரை சமமா இருக்கணும், மணிக்கணக்கா சார்ஜ் ஏறணும்" என்றார். ஊரில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத காலம் அது. சார்ஜ் என்ற சொல்லைக் கேட்டதுமே அண்ணன் பேட்டரி வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எம்புட்டு எடை தூக்கும், எம்புட்டு உயரம் போகும் என்று மட்டும் கேட்டார். வெடிக் கிட்டங்கியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, வியாபாரியும் கேட்கவில்லை.

ஓட்டிப் பார்ப்பதற்காக ஒரு பழைய டீசல் வண்டி தூத்துக்குடி டிரைவரோடு வந்து இறங்கியது. முன்னால் கவ்வியை மாட்டினால் ரீலைக் கட்டிப் பிடித்துத் தூக்கும். அதைக் கழற்றி இரண்டு இரும்புக் கைகளை மாட்டினால், பெட்டிகள் அடுக்கிய மரப்பலகையைத் தூக்கும். ரீல் வேலை சுலபமாக நடந்தது. அண்ணன் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எனக்கும் நிம்மதியாக இருந்தது.

பிறகு ஒரு நாள் வெடிப் பெட்டி ஏற்ற லாரி வந்து நின்றது. லோடுமேன்களில் பாதிப் பேர் வேறு கம்பெனிக்குப் போயிருந்தார்கள். வெடிக் கிட்டங்கியில் விளக்குக் கிடையாது. இருட்டுவதற்குள் ஏற்றியாக வேண்டும். சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்த அண்ணன், வண்டியை அங்கே கொண்டுபோகச் சொன்னார்.

நான் ஆபீசிலிருந்து ஓடினேன். "அண்ணே, அந்தக் கிட்டங்கிக்கு எஞ்சின் வண்டி வேண்டாம்ணே."

"வண்டி வாசலுக்கு வெளியதான் நிக்கும். இரும்புக் கை மட்டும்தான உள்ள போவுது? பொழுது போகுதும்மா, தள்ளு."

நான் தள்ளி நின்றேன். டிரைவர் கைகளைத் தாழ்த்தி, வாசலை ஒட்டியிருந்த பலகைக்கு அடியில் செருகினார். இரும்பின் நுனி சிமெண்ட் தரையில் கீறியது. கிட்டங்கியின் அரையிருட்டில் இரண்டு மூன்று பொறிகள் பறந்து அணைந்தன. உயரத்தில் உட்கார்ந்திருந்த டிரைவருக்கு அது தெரியவில்லை. அவர் பலகையைத் தூக்கினார். தூக்கியதும் கீழ்ப் பெட்டி ஒன்றின் அடி விரிந்து, புஸ்வாண மருந்து சாம்பல் நிறத்தில் தரையில் கொட்ட ஆரம்பித்தது.

"நிறுத்துங்க" என்று கத்தினேன். "எறக்காதீக. எஞ்சின அமத்துங்க."

எஞ்சின் அடங்கியது. மருந்து சரசரவென்று விழும் சத்தம் மட்டும் கேட்டது. டிரைவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"முதலாளி, இது பழைய வண்டி. எஞ்சின அமத்துனா லோடு தூக்குனபடியே நிக்காது. கொஞ்சங் கொஞ்சமா எறங்கும்."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகை இறங்கியது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். அதன் அடியில் இரும்பு, இரும்புக்கு அடியில் மருந்து. வாசலில் நின்ற எல்லோரும் அண்ணனையே பார்த்தார்கள்.

நான் தொட்டியடிக்கு ஓடிச் சாக்குகளை முக்கி எடுத்தேன். தண்ணீர் சொட்டச் சொட்ட அவற்றை வாங்கிய அண்ணன், யாரையும் உள்ளே விடாமல் தானே மண்டியிட்டு, பலகைக்கு அடியில் ஒவ்வொன்றாக விரித்தார். அவர் தலைக்கு மேல் அந்தப் பாரம் இறங்கிக்கொண்டிருந்தது. "அண்ணே, வெளிய வந்துருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மருந்து முழுவதும் மூடிய பிறகுதான் வந்தார். அதன் பிறகு லோடுமேன்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். இரும்புக் கைகள் ஈரச் சாக்கின் மேல் சத்தமில்லாமல் படிந்தன.

வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்ய அண்ணன் விடவில்லை. சாக்கை மேலும் நனைத்து, வண்டியை நியூட்ரலில் போட்டு, லாரி டிரைவர், கிளீனர், பக்கத்துப் பிரஸ் ஆட்கள் எல்லோருமாகக் கயிறு கட்டி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் இழுத்தார்கள். முற்றத்துக்கு வந்ததும் அண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீ சொன்னதக் கேட்ருக்கணும்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

லாரி மறுநாள்தான் புறப்பட்டது. அண்ணன் வியாபாரியை வரவழைத்து, இந்தத் தடவை இரண்டு கிட்டங்கிகளையும் காட்டினார். அவர் வெடிக் கிட்டங்கி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பாய், இத மொதல்லயே காட்டியிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன். இங்க கேஸ் வண்டியும் ஆகாது, பேட்டரி வண்டியும் ஆகாது. மோட்டார்லயும் பொறி உண்டு. பலகையத் தூக்கிக் கையால இழுக்கிற பேலட் வண்டி போதும், சக்கரம் நைலான்ல இருக்கட்டும். லாரில ஏத்துறது ஆளுக கைதான்."

அப்படியே செய்தோம். டீசல் வண்டியை வாங்கிக்கொண்டோம், அது பேப்பர் பக்கம் மட்டும் ஓடியது. வெடிப் பெட்டிகள் ஏறுவது மெதுவானதால், அடுத்த சீசனில் சில பார்ட்டிகள் வேறு லாரி ஆபீசுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போன் செய்து காரணம் சொன்னபோதெல்லாம் அண்ணன், "சரிங்க, நல்லபடியா அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிடுவார். யாரிடமும் சீக்கிரம் ஏற்றித் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை.