மழையில் கிரில்லை வெளியே தூக்கி வைத்தேன்

1. கூடாரத்துக்குள் புகை

சித்தேரி மலைக்குக் கீழே, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பைக்கில் போகிற தூரத்தில் எங்கள் கேம்ப் இருக்கிறது. மாந்தோப்பில் கூடாரம் போட்டுக் கொடுப்போம். பெங்களூரு, சேலம் பக்கமிருந்து சனி, ஞாயிறில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். இங்கே வருவதற்கு முன்னால் பல வருஷம் ஒரு ஹாஸ்டலில் சமைத்தேன். இங்கே கிச்சன் இன்சார்ஜ். என் பேர் மாதம்மாள். சின்னவர், பெரியவர் எல்லாருக்கும் அக்கா.

ஓனர் பிரபு அரூர்க்காரர், என்னைவிட ரொம்பச் சின்னவர். அடுப்பு, குண்டா, கரண்டி எது வாங்கினாலும் என்னைக் கேட்டுத்தான் வாங்குவார். கரி போட்டுக் கோழி சுடுகிற கிரில்லை மட்டும் கேட்காமல் வாங்கி வந்தார். சமையல் என்றால் அக்கா, கிரில் என்றால் ஆம்பளைகள் ஜாலியாகச் சுடுகிற சமாச்சாரம் என்று அவருக்கு ஒரு எண்ணம். மெல்லிசான தகரத்தில் மடக்குகிற மாதிரி ஒரு பெட்டி. மூடி கிடையாது, பிடித்துத் தூக்கக் கைப்பிடி கிடையாது, கால் நாலும் கம்பி. "ஆடுதேங்க தம்பி" என்றேன். "நாலு கோழிய சுடறதுக்கு என்னக்கா, தேரா இழுக்கப் போறோம்?" என்று சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூரிலிருந்து வினோத் என்பவர் சொந்தக்காரர்களோடு வந்திருந்தார். கோழிக்கு மசாலா தடவி ஊற வைத்துக் கொடுத்தேன். கரி நன்றாகச் சிவந்து வரும் நேரம் பார்த்து மலைப் பக்கமிருந்து மழை இறங்கிவிட்டது. நான் சோற்றுக் குண்டாவை மூடிவிட்டுத் திரும்பினால், தோப்பில் கிரில்லைக் காணோம். பெரிய கூடாரத்தின் வாசலில் புகை வந்துகொண்டிருந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். கூடாரத்துக்கு நடுவில் கிரில். சுற்றி ஆட்கள். ஓரத்தில் போர்வைக்குள் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் படுத்திருந்தார்கள்.

"சார், இத வெளிய எடுங்க" என்றேன்.

"ஜிப் திறந்துதாங்க இருக்கு. கரியிலருந்து வர்ற விஷ வாயு, கார்பன் மோனாக்சைடுதான? எனக்கும் தெரியும். பத்து நிமிஷம், முடிஞ்சிரும்" என்றார் வினோத்.

"தெரிஞ்சா சரிங்க. அப்ப எடுத்துருங்க. கிச்சன் ஷெட்டு நாலு பக்கமும் தொறந்து கெடக்குது. அங்க நானே சுட்டுத் தரேன்."

"இந்த எக்ஸ்பீரியன்ஸுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்திருக்கோம். நீங்க போய் சாப்பாட்ட பாருங்க."

மழை சாரலடிக்கிறது என்று யாரோ ஜிப்பைப் பாதிக்கு இழுத்துவிட்டார்கள். ஷெட்டுக்குப் போய் இரண்டு கோணியைத் தண்ணீரில் முக்கி எடுத்து வந்தேன். குனிந்து உள்ளே நுழைந்து, கிரில்லின் இரண்டு பக்கத்தையும் கோணியோடு பிடித்துத் தூக்கினேன். "ஏய், ஏய்" என்று சத்தம். வழி விட்டார்கள். நெருப்போடு வருகிறவளை யார் மறிப்பார்கள்?

வாசலைத் தாண்டும்போது கம்பிக்கால் ஒன்று மடங்கிக்கொண்டது. பெட்டி சாய்ந்தது. கரியும் கோழியும் சேற்றில் கொட்டின, கரி உஸ்ஸென்று அணைந்தது. ஒரு கரித் துண்டு என் இடது மணிக்கட்டில் பட்டுவிட்டது. வினோத்தின் மனைவி பிள்ளைகளை எழுப்பி ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வினோத் மழையில் நின்றபடி போனை எடுத்து ஓனரைக் கூப்பிட்டார்.

2. "ஒன்னும் ஆகலியேக்கா"

திங்கட்கிழமை பிரபு வந்தார். முகம் சரியில்லை.

"அக்கா, அவரு ரொம்ப கோவமா இருக்காரு. ஃபேமிலி முன்னாடி அசிங்கப்படுத்திட்டாங்கன்றாரு. ஒரு போன் போட்டு சாரி சொல்லிருங்க. முடிஞ்சிரும்."

"எதுக்குங்க சாரி?"

"கஸ்டமர் கிட்ட அப்டி நடந்துக்கலாமா? அவரு சொல்றதும் ஞாயம்தான, ஒன்னும் ஆகலியேக்கா."

அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. மணிக்கட்டுக் காயம்கூட அப்படி எரியவில்லை. யாராவது மயங்கி விழுந்திருந்தால் நான் செய்தது சரியென்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். விழவில்லை. அதனால் நான் திமிர் பிடித்தவள் ஆகிவிட்டேன்.

"ஆகலங்க தம்பி. ஆகாம பாத்துக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறீங்க. அதுக்கு நான் சாரி சொல்ல மாட்டேன்."

"அப்ப நானு என்னக்கா பண்றது?"

"வேற ஆளு பாக்கறதா இருந்தா பாருங்க. நான் வூட்டுக்குப் போறேன். ஆனா இன்னொன்னும் சொல்லிடறேன். நான் இருக்கணும்னா புது கிரில்ல நான்தான் பாத்து எடுப்பேன். அந்தத் தகர டப்பாவ இனிமே கையால தொட மாட்டேன்."

வீட்டில் வந்து உட்கார்ந்தபோது பயமாகத்தான் இருந்தது. இந்த வயசில் பஸ் ஏறி இன்னொரு சமையல்கட்டைத் தேடிப் போவது லேசான காரியமா? ஒரு போன்தானே, சொல்லிவிட்டால் என்ன என்று மனசு இரண்டு மூன்று தடவை இழுத்தது. பிள்ளைகள் படுத்திருந்த அந்தப் போர்வை ஞாபகத்துக்கு வந்தது. சொல்லக்கூடாது என்று இருந்துவிட்டேன்.

புதன்கிழமை காலையில் பிரபுவின் கார் எங்கள் தெருவில் நின்றது. இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "சேலம் போலாம், ஏறுங்கக்கா" என்றார். சாரியைப் பற்றி அப்புறம் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

3. கடைக்காரரும் நானும்

சேலத்தில் பெரிய கடை. சக்கரம் வைத்தது, காஸில் எரிவது, சூட்கேஸ் மாதிரி மடங்குவது என்று வரிசையாக வைத்திருந்தார்கள். கடைப் பையன் பிரபு முகத்தைப் பார்த்தே பேசினான். பிரபு சக்கரம் வைத்த பெரிய கிரில் பக்கத்திலேயே நின்றார். கேம்ப் விளம்பரப் போட்டோவில் நன்றாக விழுமாம்.

"தோப்புல சக்கரம் எங்கங்க உருளும்? வேர்ல மாட்டிக்கும்" என்றேன். காஸ் கிரில்லையும் வேண்டாம் என்றேன். மலைக்காற்றில் அந்தச் சின்னத் தீ நிற்காது. அந்தச் சின்ன சிலிண்டர் தீர்ந்துபோனால் அரூரில் எங்கே போய்க் கேட்பது?

"சார், மேடம் யூஸ் பண்றதுக்குன்னா இந்தச் சின்னது போதும் சார்" என்றான் பையன்.

"மேடம் இங்க இருக்கேம்ப்பா. பத்த வெக்கறது நானு, எங்கிட்ட சொல்லு" என்றேன்.

உருண்டையாக, மூடி போட்ட ஒன்று நடுவாந்திர சைஸில் இருந்தது. காலைப் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. அடியில் சாம்பல் விழத் தட்டு இருந்தது. காய்ந்த புல்லில் கங்கு உதிராது. மூடியிலும் அடியிலும் காற்றுத் துவாரம், இரண்டையும் அடைத்தால் கரி தானாக அவிந்துவிடும். கம்பி நெருக்கமாக இருந்தது, கோழித் துண்டு நழுவாது. எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு பக்கமும் மரக் கைப்பிடி.

பக்கத்து ரேக்கிலிருந்து இரண்டு கரி மூட்டையை எடுத்து உள்ளே வைத்தேன். மூடியைப் போட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிரில்லைத் தூக்கிக் கடை வாசல் வரைக்கும் நடந்தேன். கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அக்கா, என்னக்கா பண்றீங்க!" என்று பிரபு பின்னாலேயே வந்தார்.

"தூக்க முடியுதான்னு பாக்கறேன். மழ வந்தா நீங்க அரூர்ல இருப்பீங்க."

"போட்டோல சின்னதா தெரியுங்க்கா."

"கிட்ட வந்து எடுக்கச் சொல்லுங்க."

அதைத்தான் வாங்கினோம். இப்போது கேம்ப்புக்கு யார் வந்தாலும் பிரபுவே முதலில் சொல்லிவிடுகிறார்: "நெருப்பு விஷயத்துல மாதம்மா அக்கா சொல்றதுதான். நான் சொன்னாக்கூட செல்லாது." மழை நாளில் நான் கிரில்லைப் பற்றவைப்பதே இல்லை. கோழியைக் குழம்பில் போட்டுவிடுவேன். முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு கரண்டி சோறு கேட்பார்கள்.

4. கற்றுக்கொண்டது

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, கிரில்லைப் படத்தில் பார்த்து வாங்காதீர்கள். காலை ஆட்டிப் பாருங்கள், மூடியைப் போட்டுப் பாருங்கள், தூக்கிக்கொண்டு நாலடி நடந்து பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் எவ்வளவு நல்ல கிரில்லாக இருந்தாலும், "உள்ளே வைக்காதே" என்று அது வாய் திறந்து சொல்லாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொன்னால் மரியாதை கெட்டவள் என்பார்கள். ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பார்கள். ஆகவில்லை என்பதையே பதிலாகச் சொல்லிவிட்டு, அடுத்த வேலையைப் பாருங்கள்.

போன வாரம் வந்த ஒருவர் இடுக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீங்க உக்காருங்க்கா, கிரில்லெல்லாம் ஜென்ட்ஸ் வேல" என்றார்.

"சுடுங்க சார். மழ வந்தா தூக்கிட்டுப் போயிருவேன். உங்களக் கேக்க மாட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.